கரும்பலகையின் வலது மூலை

சேந்தமங்கலத்தில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பின் இரண்டாம் நாள். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடைப்பட்ட ஆபத்தான வேளையில் எங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். தலைப்பு: ‘வகுப்பறை ஆசிரியராக எனது தனிப்பட்ட தலைமைத்துவத் தத்துவம்’. அதன் கீழே பன்னிரண்டு கோடுகள். கோடுகளுக்குக் கீழே கையொப்பம், நாள், எமிஸ் எண்.

நாற்பது பேர் இருந்தோம். ஐந்து நிமிடம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு டீச்சர் எழுந்து, “சார், தத்துவம் கட்டாயமா, இல்ல விருப்பப்பட்டவங்க மட்டும் எழுதலாமா?” என்று கேட்டார். கட்டாயம் என்று பதில் வந்தது. பத்தாவது நிமிடம் வாட்ஸப் குழுவில் ஒரு தத்துவம் வந்து விழுந்தது. யாரோ ஒருவருடைய மகன் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படிக்கிறானாம். தேநீர் வருவதற்குள் முப்பத்தெட்டுப் பேருடைய தனிப்பட்ட தத்துவமும் எழுத்துப் பிழை உட்பட ஒன்றாக இருந்தது. வடகலைக்கும் தென்கலைக்கும் இதில் நூற்றில் ஒரு பங்கு உடன்பாடு இருந்திருந்தால் நீதிமன்றங்களுக்கு எவ்வளவோ வேலை மிச்சமாகியிருக்கும்.

எஞ்சிய இருவரில் ஒருவர் தூங்கிவிட்டார். மற்றவன் நான். நாளை தருகிறேன் என்று சொல்லித் தாளை மடித்து எடுத்துவந்தேன். இந்தச் சிற்றாராய்ச்சி அந்தப் பன்னிரண்டு கோடுகளுக்குள் அடங்காமல் வழிந்தது.

முதலில் இடம் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிட வேண்டும். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கமும் ஒரு சேந்தமங்கலம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் தன் பேரரசனான மூன்றாம் இராசராச சோழனைப் பிடித்து அடைத்துவைத்தது அந்த ஊரில்தான். மேலதிகாரியைக் கையாளும் முறைகளில் அதுவும் ஒன்று என்றாலும், இவ்வாராய்ச்சி அந்த மரபைச் சேர்ந்ததல்ல. நம்முடையது நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம், கொல்லிமலையின் அடிவாரம். காலையில் இங்கே பஸ் ஏறினால் காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளியில் மலை தொடங்கி, எழுபது கொண்டை ஊசி வளைவுகள் சுற்றி மேலே போய்ச் சேரலாம். ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். நாற்பதுக்கு மேல் பெரும்பாலானோர் எண்ணுவதில்லை, ஜன்னல் ஓர இருக்கையைத் தேடுவார்கள். நான் வேலை பார்ப்பது மலைமேல் ஓர் ஈராசிரியர் பள்ளியில். இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். நான் மற்றவர்.

இங்கேயே ஒரு தருக்கச் சிக்கல். தமிழில் தலைமை என்ற சொல்லைத் தன் பதவியிலேயே வைத்திருப்பவர் தலைமையாசிரியர். அப்படியானால் மற்ற ஆசிரியர்களிடம் தலைமை இல்லை என்றுதானே பொருள்? இருக்கிற ஒன்றுக்குத்தானே தத்துவம் எழுத முடியும்? இதைப் பயிற்சியாளரிடம் கேட்டேன். “நல்ல கேள்வி” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய நூல்களைப் புரட்டினேன். ஆசிரியருக்கு இலக்கணம் என்றால் தமிழனுக்கு நன்னூல்தான். பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியனுக்கு நான்கு உவமை வைக்கிறார்: நிலம், மலை, துலாக்கோல், மலர். ஆகாத ஆசிரியனுக்கும் நான்கு: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. இந்த எட்டையும் சுவரில் எழுதிப்போட்டால் எந்த ஊழியர் அறையிலும் யார் யார் எது எது என்று ஒரு வாரத்தில் பெயர் வந்துவிடும்.

மலை எனக்குப் பக்கத்தில் இருப்பதால் அதை முதலில் எடுத்துக்கொண்டேன். மலையை அளக்க முடியாது, அசைக்க முடியாது, தூரத்திலிருந்தே தெரியும், மழை பொய்த்த காலத்திலும் தண்ணீர் தரும். இதில் அசைக்க முடியாமை எனக்கு முழுதாகப் பொருந்துகிறது. ஆறு மாறுதல் கலந்தாய்வுக்குப் போய்வந்துவிட்டேன், இன்னும் அதே பள்ளி. தூரத்திலிருந்து தெரிவதும் பொருந்தும். அறுபதாவது வளைவில் பஸ் ஹாரன் கேட்டவுடன், நான் வருகிறேன் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்து, பள்ளியில் ஒரு தற்காலிக ஒழுங்கு ஏற்படுகிறது. மலர், உரிய பொழுதில் முகம் மலர வேண்டும். எழுபது வளைவுகளுக்குப் பிறகு, இறைவணக்கம் தொடங்கும் நேரத்தில், இது எல்லோராலும் ஆகிற காரியமல்ல.

ஆகாதவற்றில் பருத்திக்குண்டிகை நுட்பமானது. குண்டிகை என்பது சின்ன வாய் கொண்ட பாத்திரம். பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்துத்தான் உள்ளே ஏற்ற வேண்டும். எடுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். ஐந்து நாள் பயிற்சியில் உட்கார்ந்த யாருக்கும் உரையாசிரியர் உதவி தேவைப்படாத உவமை. மடற்பனை ஏறவிடாது, பழம் தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். கழற்குடத்தில் முதலில் போட்ட காய் முதலில் வராது, கடைசியில் போட்டது கடைசியில் வராது. கவிழ்த்தால் எது வருமோ அது வரும். பாடத்திட்டம் முடிக்க வேண்டிய மார்ச் மாதத்தில் நாங்கள் எல்லோரும் கழற்குடங்களே. முடத்தெங்குக்கு வேர் ஒரு வீட்டில் இருக்கும், தலை பக்கத்து வீட்டு முற்றத்தில் சாய்ந்திருக்கும். தண்ணீர் ஊற்றுகிறவன் ஒருவன், தேங்காய் விழுவது இன்னொருவனுக்கு. அரசு சம்பளம் வாங்கிக்கொண்டு மாலையில் டியூஷன் எடுப்பவர்களைப் பவணந்தி பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் எழுதியிருக்கிறார்.

எவ்வளவு தேடினாலும் நன்னூலில் ‘தலைமைத்துவம்’ இல்லை. ஆகவே மலையின் சொந்த வரலாற்றுக்குப் போனேன். கொல்லிக்குத் தலைவன் வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களில் ஒருவன். செம்மேட்டில் சிலை இருக்கிறது. ஆடி பதினேழு, பதினெட்டில் அரசு விழா எடுக்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் பாடியிருக்கிறார். புறநானூற்றில் 152ஆம் பாட்டு. இதைப் படிக்கும் தமிழாசிரியர்கள் வில்லாற்றல் என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். விலங்கு எத்தனை என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஐந்து. தொடக்கப் பள்ளியில் வகுப்பு எத்தனை? ஐந்து. ஆசிரியர் ஒருவர் விடுப்பில் போய், மற்றவர் ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு ஒரே பாடத்தை விட, அது ஐந்தாம் வகுப்பில் தொடங்கி ஒன்றாம் வகுப்பில் போய்த் தைக்கவேண்டிய நிலையைத்தான் புலவர் மறைபொருளாகச் சொல்லியிருக்கிறார் என்பது என் துணிபு. பெரிய உருவமும் மெதுவான நடையுமாக யானை ஐந்தாம் வகுப்பு. பாய்கிற புலி நான்கு. ஒரு சத்தம் கேட்டால் வெளியே ஓடிவிடும் மான் மூன்று. இரண்டாம் வகுப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, பெற்றோர் படிக்கக்கூடும். பிடித்த இடத்தை விடாத உடும்பு ஒன்றாம் வகுப்பு. டீச்சரின் சேலைத் தலைப்பைக் கேட்டால் தெரியும். கல்வியியலில் இதற்குப் பல்வகுப்புக் கற்பித்தல் என்று பெயர். வன்பரணருக்கு முன்னுரிமை தர வேண்டும்.

அதே பாட்டில் இன்னொரு செய்தி. காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்தவனை யாரென்று அறியாத பாணர் கூட்டம் தலைவனைக் குறிக்கும் சொல்லால் பாடியதும், அவன் வெட்கப்பட்டான். தன் தலைமையை வாயால் கேட்டு நாணியவனிடம் பன்னிரண்டு கோட்டுத் தாளைக் கொடுத்திருந்தால் வில்லை எடுத்திருப்பான். அவன் முடிவும் ஊக்கம் தருவதாக இல்லை. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான்.

இம்மலையின் இரண்டாவது தலைமை மாதிரி கொல்லிப்பாவை. தேவர்கள் செய்து வைத்ததாகச் சொல்லப்படும் அந்தப் பதுமை சிரிக்கும். அந்தச் சிரிப்பில் மயங்கி நெருங்கியவர் சாவார். பி.எட். முடித்துப் புதிதாக வருபவர்களிடம் மூத்த ஆசிரியர்கள், “சிரிச்சு வெச்சீங்கன்னா தலைமேல ஏறிடுவாங்க” என்பார்கள். பாவையின் கொள்கை இதற்கு நேர் எதிர். எனக்குத் தெரிந்த அதிகாரிகளில் இந்த மரபைச் சேர்ந்தவர்கள் சிலர் உண்டு, பெயர் வேண்டாம்.

நிற்க. பயிற்சியில் காட்டிய படங்களில் ஒன்று மட்டும் தூக்கத்தைக் கலைத்தது. 1939இல் அமெரிக்காவின் அயோவாவில் குர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவருடைய இரு சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. லெவின் ஹிட்லருக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வந்தவர். ஆகவே தலைமை பற்றி அவருக்கு ஏட்டறிவு மட்டுமல்ல, அனுபவமும் இருந்தது. பத்து வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்யும் வேலை கொடுத்தார்கள். சில குழுவுக்கு அதட்டும் தலைவர், சிலதுக்குக் கலந்து பேசும் தலைவர், சிலதுக்குத் தலையிடாத தலைவர். பார்க்க வேண்டியது தலைவர் அறையில் இருக்கும்போது நடந்ததை அல்ல. வேண்டுமென்றே அவரை வெளியே போகச் சொன்னார்கள். அதட்டும் தலைவர் வாசல் தாண்டியதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசியவர் போன பிறகும் பையன்கள் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

மலைமேல் இந்தச் சோதனையை நான் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறேன், யாரும் நிதி தரவில்லை. எங்கள் பள்ளிக்குள் சிக்னல் கிடையாது. பின்னால் பலாமரத்தை ஒட்டி ஒரு பாறை. அதன்மேல் ஏறி, செம்மேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றால் இரண்டு கோடு வரும். வருகைப் பதிவை அங்கிருந்துதான் ஏற்ற வேண்டும். ஏறும் வரை நிற்க வேண்டும். அந்நேரம் வகுப்பறையில் தலைவர் இல்லை.

தலைவர் இல்லாத வகுப்பு என்ற பிரச்சினையைத் தமிழ்நாடு எப்போதோ தீர்த்துவிட்டது. தீர்வின் பெயர் சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வயலுக்கோ கல்யாண வீட்டுக்கோ போய்விடுவார். மூத்த பையன் ஒருவன் சின்னவர்களை மணலில் எழுதவைப்பான், முறை சொல்லிக் கொடுப்பான், வராதவனைப் பிடித்துவர ஆள் அனுப்புவான். இதில் கலந்தாலோசனை குறைவு. ஆனால் வாத்தியார் திரும்பி வரும்போது பாடம் நடந்துகொண்டிருக்கும்.

இதை முதலில் தத்துவமாகப் பார்த்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789 முதல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்தியவர். ஒருநாள் போகிற வழியில் ஒரு ‘மலபார்’ பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழை மலபார் என்றே எழுதினார்கள். பூகோளத்திலும் அவர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் ஓடிப்போய்த் தம் ஆசிரியர்களிடம் இதைச் செய்யச் சொன்னார். நடக்கிற காரியமா என்று அவர்கள் கைவிரித்தார்கள். (ஆசிரியர்களின் இந்தப் பதிலுக்கு இருநூறாண்டு மரபு உண்டு என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.) எட்டு வயதுப் பையன் ஜான் ஃபிரிஸ்கனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். பிறகு பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது இல்லம் முழுக்கப் பரவியது.

பெல் ஊர் திரும்பி 1797இல் லண்டனில் ஒரு சிறு நூலாக இதை அச்சிட்டார். மறு ஆண்டே ஜோசப் லங்காஸ்டர் என்பவர் அதே ஊரில் இதே போன்ற பள்ளி தொடங்கினார். ஒரே வாத்தியார் ஆயிரம் பேருக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கலாம் என்றார். காலிப் பணியிடத்தை நிரப்பாமல் வைப்பதற்கு இதைவிடப் பழைய மேற்கோள் எனக்குக் கிடைக்கவில்லை. தப்புச் செய்த பையனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையில் தொங்கவிட்டார். நம் திண்ணையில் அதற்குக் கோதண்டம் என்று பெயர், கூடை மட்டும் கிடையாது. யார் முதலில் கண்டுபிடித்தது என்று பெல் கட்சியும் லங்காஸ்டர் கட்சியும் ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டன. மணலில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளையை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. பெல் 1832இல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைக்கப்பட்டார். அவர் விட்டுப்போன பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றுதான் பெயர். ஆக, நம்மிடமிருந்து கப்பலேறிய சரக்கு, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, பவர்பாயிண்டில் ‘சகமாணவர் தலைமை’ என்று திரும்பி வந்திருக்கிறது. போகவும் வரவும் ஆன செலவைக் கணக்கிட்டால் அதைப் பயிற்சி நிதி என்பார்கள்.

1823இல் பெல்லாரி கலெக்டர் காம்பெல், சென்னை ஆளுநர் மன்றோவின் அரசுக்கு எழுதிய அறிக்கையில் திண்ணைப் பள்ளியின் இன்னொரு நுட்பம் இருக்கிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது வருபவனுக்குச் சுழியம், அவனுக்குப் புகழும் இல்லை பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்புறம் வரவர ஒவ்வொன்றாகக் கூடும். இப்போது நம் கைபேசியில் வருகைச் செயலி எல்லோருக்கும் ஒரே பச்சைக் குறி போடுகிறது. சுழியத்தின் இடம் அதில் இல்லை. அந்த இரண்டாமவனைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பணியில் என் நிலையை இவ்வளவு துல்லியமாக வேறு எந்த அறிக்கையும் சொன்னதில்லை.

சட்டாம்பிள்ளை இப்போது லீடர். மாதம் ஒருவர். தேர்ந்தெடுக்கும் முறை எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான், எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள்: அதிகம் வாயாடுகிற பிள்ளையை லீடராக்கிவிட வேண்டும். லீடரின் ஆட்சிப் பகுதி கரும்பலகையின் வலது மூலை. ஓர் அடிக்கு ஒன்றரை அடி. மேலே ‘பேசியவர்கள்’, கீழே பெயர்கள், பெயருக்கு எதிரே இன்ட்டு. மறுபடி பேசினால் மறுபடி இன்ட்டு. பெயரை அழிக்க ஒரு சந்தையும் உண்டு. சாதாரண நாளில் ஒரு நெல்லிக்காய், தேர்வு நெருங்கினால் ஒரு முழுப் பென்சில். பலாச் சீசனில் சுளைக்கு மதிப்பே இல்லை, வீட்டுக்கு வீடு பழம் கிடக்கும். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்து, 17ஆம் பிரிவில் அடிக்கக் கூடாது, மனம் நோகவும் செய்யக் கூடாது என்றது. பிரம்பு போயிற்று. பட்டியல் போகவில்லை. பட்டியலில் வந்தால் என்ன தண்டனை என்று கேட்டால் எங்கள் வகுப்பில் விடை: ஓர் இன்ட்டுக்கு ஒரு கதை. நிறையப் பேசுகிறவரிடம் நிறையச் சரக்கு இருக்கும் என்ற கொள்கையில் நான்தான் இந்த விதியைப் போட்டேன். பெரும்பாலும் நரி, காக்கா, பேய் என்று போகும்.

போன வாரம் பாறையிலிருந்து இறங்கி வந்தேன். முட்டை எண்ணிக்கை பற்றி ஒரு போன், பயிற்சித் தாள் ஏன் வரவில்லை என்று இன்னொரு போன், வருகைப் பதிவு ஏற மறுத்தது, எல்லாமாக இருபது நிமிடம். வகுப்பு அமைதியாக இருந்தது. லெவின் இருந்திருந்தால் குறிப்பெடுத்திருப்பார். ஐந்தாம் வகுப்பு லீடர் சாக்பீசை இரு கையாலும் பிடித்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பட்டியலில் மூன்று பெயர். மூன்றாவதாக, மற்றவற்றைவிட அழகான கையெழுத்தில்:

சார் அவர்கள் × ×

“என்னம்மா இது?”

“போன்ல பேசுனீங்க சார். சன்னல் வழியாக் கேட்டுச்சு.”

“அது ஆபீஸ் போன்.”

“யார் பேசுனாலும் எழுதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க.”

“ரெண்டு இன்ட்டு எதுக்கு?”

“ரெண்டு போன்.”

மேல்முறையீட்டுக்கு இடமில்லை. நெல்லிக்காயும் கையில் இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓரி கதை சொன்னேன். யானை விழுந்தது, ஐந்தாம் வகுப்பு கை தட்டியது. புலி, மான், பன்றி எல்லாம் முறையாக விழுந்தன. கடைசியில் அம்பு புற்றுக்குள் போய் உடும்பைத் தைத்தது என்று முடித்தேன். முன் வரிசையில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், டவுசர் பொத்தானைத் திருகிக்கொண்டே, “உடும்பு சும்மாதானே சார் உள்ள இருந்துச்சு?” என்றான்.

வன்பரணர் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பழைய உரையிலும் தேடிப் பார்த்துவிட்டேன்.

மணி அடித்துச் சோற்றுக்குக் கிளம்பினார்கள். லீடர் டஸ்டரை எடுத்து மற்ற இரண்டு பெயரையும் அழித்தாள், அவர்கள் காலையிலேயே கதை சொல்லி முடித்தவர்கள். என் பெயருக்கு வந்ததும் ஓர் இன்ட்டை மட்டும் விரலால் துடைத்துவிட்டு டஸ்டரை வைத்துவிட்டாள். பன்னிரண்டு கோட்டுத் தாள் இன்னும் என் பையில் வெறுமையாக இருக்கிறது. கரும்பலகையில் ஒரு கதை பாக்கி இருக்கிறது.